மின் கிட்டாரின் செவி

நானுஓயாப் பக்கத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும் நாட்கள் பல உண்டு. அத்தகைய நாளில் காமன் கூத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ தப்பு அடிக்க வந்தவர்கள் முதலிற் செய்யும் காரியம் நெருப்பு மூட்டுவதே. ஈரத்தில் தளர்ந்த தோலை அனலிற் காட்டி இறுக்கினாலன்றித் தப்பு பேசாது. அதே திருவிழாவின் இரவு மேடையில் தோட்டத்து இளைஞர்கள் வாசிக்கும் மின் கிட்டாருக்கோ அனல் காட்டுவதற்கில்லை. அதன் குரல் மங்கினால் அல்லது அறவே நின்றால், குற்றம் பெரும்பாலும் கம்பிகளுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு சிறு உறுப்பில் இருக்கும். அதனைப் பிக்கப் என்பர். பழுதான பிக்கப்பை மாற்றும்போது எதனைப் பொருத்துவது, 1950களிலும் 1960களிலும் வெளிவந்த ராக் இசைத்தட்டுக்களிற் கேட்கும் அந்தப் பழைய நாதத்தை மீட்பது எப்படி என்ற கேள்வி எழுகிறது. மலையகத்தில் அதற்கு விடை காண்பது சற்றுக் கடினம். பொருளைக் கொழும்பிலிருந்தோ கடல்கடந்தோ தருவிக்கவேண்டியிருத்தலால், வாசித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு அரிது. ஆகவே, காதால் அறிய முடியாததைக் கருத்தால் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பிக்கப் என்பது மின் கிட்டாரின் செவி. ஒரு காந்தமும், அதனைச் சுற்றிப் பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியுமே அதன் உள்ளீடு. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அசையும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மையே இது. நீர்மின் நிலையங்களிற் பெரும் எந்திரங்கள் செய்யும் வேலையை இந்தச் சிறு சுருள் தன்னளவில் செய்கிறது. உருக்குத் தந்தி வேண்டும் என்பதை மறக்கலாகாது. நைலோன் தந்தி எவ்வளவு இனிமையாக அதிர்ந்தாலும் இந்தச் செவிக்கு அது கேளாது.

ஜார்ஜ் போஷாம் என்னும் அமெரிக்கர் வகுத்த மின் கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. அதற்குரிய காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது. பின்னர் கிப்சன் நிறுவனம் 1946இல் பீ-90 என்னும் வகையை வெளியிட்டது. லியோ பெண்டர் 1950இலும் 1954இலும் கொணர்ந்த கிட்டார்கள், டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் பெயர்களால் உலகெங்கும் அறியப்பட்டன. இவை யாவும் ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்டவை. தெளிவும் கூர்மையும் அவற்றின் குணம். ஆனால் அவற்றுக்கு ஒரு குறையும் உண்டு. தந்தியின் அசைவைப் போலவே, சுற்றுப்புறத்து மின்கம்பிகளின் ரீங்காரத்தையும் அவை கேட்டுவிடும். இலங்கையின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம். பழுதான கம்பியமைப்பும் சரியான நிலத்தொடர்பு இல்லாத செருகியும் உள்ள இடத்தில் அந்த ‘உம்’ என்ற ஓசை பாட்டையே விழுங்கிவிடும். நிலத்தொடர்பு இல்லாமை ஓசைக்குற்றம் மட்டுமன்று, உயிராபத்தும் ஆகும். பிக்கப் வாங்கும் செலவுக்கு முன்னால் அதனைச் சீர்செய்வதே முறை.

இந்த ரீங்காரத்தை ஒழிக்கக் கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் செத் லவர் 1955இல் ஓர் உபாயம் கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரு சுருளிலும் எதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் நாதம் மட்டும் ஒன்றுகூடும். ஹம்பக்கர் என்று இதனை அழைத்தார்கள். 1957 முதல் கிட்டார்களிற் பொருத்தப்பட்ட இவற்றின் அடியில், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அந்தத் தாள் ஒட்டிய பிக்கப்புக்கு இன்று சேகரிப்போர் கொடுக்கும் விலை, மலையகத்தில் பல குடும்பங்களுக்கு எட்டாத விலை.

அந்தப் பழம் பொருளின் மேன்மைக்கு மந்திரம் ஒன்றுமில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ற்று, இரும்பு ஆகியவை கலந்த அல்னிக்கோ என்னும் காந்தம், ஏறக்குறைய 0.063 மில்லிமீற்றர் தடிப்புள்ள, தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி. சுருள் ஒன்றுக்குச் சுமார் 5000 சுற்று. இவ்வளவே. அக்காலத்திற் சுற்றுக்களும் சீராக அமையவில்லை. காந்தத்தின் தரமும் 2ஆம் எண் முதல் 5ஆம் எண் வரை கையிற் கிடைத்தபடி அமைந்தது. அதனால் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பிக்கப்புகள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ‘உண்மையான பழைய நாதம் இதுவே’ என்று ஒன்றை மட்டும் சுட்டி விற்பவர் கூற்றை அந்த அளவிற்கே கொள்ளவேண்டும்.

தேயிலையை அறிந்தவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். நுவரெலியா வட்டாரத்தின் உயர்நிலத் தேயிலை சாயத்தில் வெளிறியது. மணத்திலோ அது தனித்து நிற்கும். தாழ்நிலத் தேயிலை கறுத்த சாயமும் கனத்த காரமும் கொண்டது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. பாலூற்றிக் குடிப்பவருக்குப் பின்னதே பிடிக்கும். பிக்கப்பும் அவ்வாறே. சுற்று குறைந்த சுருள் வெளிறிய சாயம் போன்றது. ஓசை சிறிது, ஆனால் விரலின் ஒவ்வொரு நெளிவும் அதில் தெரியும். சுற்று மிகுந்தால் ஓசை பருக்கும். உச்ச அதிர்வுகள் மங்கி நடுக்குரல் தடிக்கும். 1972இல் டிமார்சியோ வெளியிட்ட மாற்றுப் பிக்கப் இந்த இரண்டாவது வகைக்குப் பெயர் பெற்றது. அதன்பின் வந்த பல பிக்கப்புகள் ஓசை வலிமையையே பெரிதாக விளம்பரம் செய்தன. பழைய ராக் நாதத்தை நாடுகிறவர் அந்த வலிமைக்கு மயங்கலாகாது. அவருக்கு வேண்டியது உயர்நிலச் சாயம்.

காந்தத்தின் வலிமையும் அப்படியே. மிக வலிய காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் வைத்தால் அது தந்தியையே பிடித்து இழுக்கும். நாதம் நீடிக்காது, சுருதியும் பிறழும். நாதம் நீடித்தல் தமிழ்ச் செவிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஒரு சான்று. சாதாரண மாண்டலினில் தந்தி மீட்டிய கணத்திலேயே ஓசை அவிந்துவிடும்; கமகத்துக்கு அங்கு இடமில்லை. இரட்டைத் தந்திகளைக் களைந்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டதாலேயே அவர் அதிற் கருநாடக இசையின் வளைவுகளை இழைக்க முடிந்தது. ராக் இசைஞன் தந்தியை வளைத்து எழுப்பும் அழுகுரலும் அதே நீட்சியை நம்பியதுதான்.

ஆயினும் பழைய நாதம் முழுவதும் பிக்கப்பிற் குடியிருப்பதாக எண்ணுவது தவறு. 1966இல் ஜோன் மேயோலின் குழுவோடு எரிக் கிளப்டன் பதிந்த இசைத்தட்டில் இரட்டைச் சுருள் கிட்டார் பாதி என்றால், வால்வுகள் பூட்டிய மார்ஷல் ஒலிபெருக்கி மறுபாதி. பழைய வால்வு ரேடியோவில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சூடான, சற்றே உருண்ட ஓசை நினைவிருக்கும். அதே வால்வுதான் கிட்டாரையும் அன்று பாடவைத்தது. ஒலிபெருக்கி கரகரக்கும் மலிவுப் பெட்டியாக இருக்க, பிக்கப்பில் மட்டும் பணத்தைக் கொட்டுவது ஓட்டைக் கூரையின்கீழ் வெள்ளையடிப்பது போன்றதாகும்.

வாங்குமுன் செய்யத்தக்க சில சோதனைகள் உண்டு. அவற்றிற் சிலவற்றுக்குச் செலவே இல்லை. பிக்கப்பின் இருபுறத் திருகுகளைத் தளர்த்தி, அதனைத் தந்தியிலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் கீழே இறக்கிப் பார்க்கவேண்டும். முரட்டு ஓசை தெளிந்து, தேடிய நாதம் அப்போதே கிடைத்துவிடுவதும் உண்டு. அடுத்து, நீண்ட கேபிளை அகற்றிக் குறுகியதைச் செருகிப் பார்க்கலாம். கேபிளின் நீளம் கூடக்கூட உச்ச ஓசைகள் மங்கும். குமிழ்களையும் பார்க்கவேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். இரட்டைச் சுருளைச் சிறிய குமிழோடு இணைத்துவிட்டு, பிக்கப் மந்தமாக ஒலிக்கிறது என்று குறைகூறுவோர் பலர்.

தடையை அளக்கும் மீற்றர் ஒரு நல்ல துணை; ஆனால் அதன் சொல்லையும் பொருளறிந்து கேட்கவேண்டும். பழைய பாணி ஒற்றைச் சுருளில் 6000 ஓம் அளவும், இரட்டைச் சுருளில் 7000 முதல் 9000 ஓம் வரையும் காணலாம். செம்பின் தடை வெப்பத்தோடு ஏறி இறங்கும் இயல்புடையது. கொழும்பில் 28 பாகை வெப்பத்தில் 8000 ஓம் காட்டிய பிக்கப், நானுஓயாவில் 16 பாகைக் குளிரில் 7600 ஓம் அளவே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அதற்காகத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. மெல்லிய கம்பியைச் சுற்றினாலும் தடை கூடும். ஆகையால் எண் பெரிதாயிருப்பது ஒன்றே வலிமைக்குச் சான்றாகாது.

அளவும் பொருந்தவேண்டும். பாலத்தின் அருகே பெண்டர் வகைக் கிட்டாரில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே 52, 53 மில்லிமீற்றர் இருக்கும். பழைய கிப்சன் வகைப் பிக்கப்பின் முனைகளோ 49, 50 மில்லிமீற்றருக்கு அமைந்தவை. பழைய பிக்கப் ஒன்றையும் புதிய பிக்கப் ஒன்றையும் சேர்த்து ஒலிக்கும்போது ஓசை மூக்காற் பேசுவதுபோல் மெலிந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டுள்ளன என்று அறியலாம். மெழுகில் தோயாத சுருள் பழைய முறைக்கு நெருங்கியதே. எனினும் திருவிழா மேடையில் பெரிய ஒலிபெருக்கிகளின் முன்னே அது ஊளையிடத் தொடங்கும். வெளி மேடையில் வாசிப்பவர் மெழுகிட்டதையே கொள்வது நலம்.

இனி, மாற்றுவதற்கு முன் எண்ணவேண்டியது ஒன்று. மலைநாட்டு ஈரத்திற் சாவது பெரும்பாலும் காந்தமன்று, கம்பியே. மயிரிழைபோன்ற செம்பின்மேற் பூசிய மெருகு வெடித்து, ஈரம் புகுந்து, பச்சை படர்ந்து, சுருள் தொடங்கும் இடத்திலோ முடியும் இடத்திலோ இழை அறுந்துபோகும். மீற்றர் அப்போது எந்த எண்ணையும் காட்டாது. கிட்டார் செத்துவிட்டதென்று பிக்கப்பைக் கழற்றி எறிபவர் பலர். ஆனால் அறுந்த முனை வெளியிலிருந்தால், கைதேர்ந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் பூதக்கண்ணாடியின் உதவியோடு அதனைப் பற்றவைத்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தாலும், அதே தடிப்புள்ள கம்பியை அதே எண்ணிக்கையில் புதிதாகச் சுற்றுவிக்கலாம். பழைய காந்தமும் பழைய சட்டகமும் நிலைக்க, நாதமும் ஏறக்குறைய நிலைக்கும். புதியது வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்யத்தக்கது.

புதியதே வேண்டும் என்று துணிந்தவரும், பெரிய பிக்கப்புக்கு இடம் செய்வதற்காகப் பழைய கிட்டாரின் மரத்தைக் குடையாதிருக்கவேண்டும். அதே அளவுக் கூட்டில் அடங்கும் இரட்டைச் சுருள்களும் இன்று கிடைக்கின்றன. கழற்றிய பழைய பிக்கப்பை உலர்ந்த துணியிற் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வைக்கலாம். ஒலிபெருக்கியின் காந்தமோ வேறு பிக்கப்போ அதனருகே இருத்தல் ஆகாது. அவை பழைய காந்தத்தின் வலிமையைக் குறைத்துவிடும். எந்தக் கம்பி எங்கே இணைந்திருந்தது என்று ஒரு தாளில் வரைந்து அதனோடு வைத்தால், பின்னாளில் அதனை மீண்டும் பொருத்துபவருக்கு வேலை எளிதாகும்.