ஞாயிறு ரோஸ்ட்டும் மசாலாவும்

பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை மதிய வேளையில் வீடுகளிலும், மதுக்கூடமும் உணவகமுமாக இயங்கும் பப்களிலும் பரிமாறப்படும் சண்டே ரோஸ்ட், பல உறுப்புகள் ஒரே தட்டில் கூடும் முழுச் சாப்பாடாகும். பெரிய துண்டாக வாட்டி எடுத்து மெல்லிதாக அரிந்த மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, கொழுப்பில் மொறுமொறுப்பாக்கிய உருளைக்கிழங்கு, மாவுக்கரைசல் உப்பி எழுந்த யார்க்ஷயர் புட்டிங், வெந்த காய்கள், இவையனைத்தையும் நனைத்து ஒன்றிணைக்கும் கிரேவி ஆகியவை அதில் இடம்பெறும். அந்நாட்டில் இந்தியச் சமையல் அறிந்தோர் நடத்தும் உணவகங்கள் சில, இதே தட்டில் தயிர் மசாலாவில் ஊறிய ஆட்டுத் தோளையும் சீரகமும் மஞ்சளும் சேர்த்த கிழங்கையும் வைத்துப் புதிய ரோஸ்ட் ஒன்றை உருவாக்குகின்றன. இக்கலப்பு ஓரிடத்தில் மிகச் சுவையாக அமைவதையும் வேறோரிடத்தில் கருகிய தூளின் கசப்பில் முடிவதையும் சமையற்காரரின் கைப்பக்குவம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. தட்டின் ஒவ்வோர் உறுப்பிலும் வெப்பம் வெவ்வேறு வேலையைச் செய்கிறது, மசாலா எங்கே, எப்போது நுழையலாம் என்பதை அந்த வேலையே முடிவு செய்கிறது.

இன்று மூடிய ஓவனில் நடக்கும் இச்சமையல், முற்காலத்தில் திறந்த நெருப்பின் முன்னால் நடந்தது. இறைச்சியை நீண்ட இரும்புக் கம்பியில் கோத்துத் தணலுக்கு எதிரே இடைவிடாது சுழற்றுவார்கள்; சுழற்றும் வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட குட்டைக் கால் நாய்கள், சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடி அக்கம்பியைத் திருப்பின என்பதும், பின்னர் புகைபோக்கியில் மேலெழும் வெங்காற்றால் சுழலும் விசிறி இறக்கைகள் அவ்வேலையை ஏற்றன என்பதும் சமையற்கருவிகளின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை. நெருப்பிலிருந்து கதிராக வரும் வெப்பம் மேற்பரப்பை மட்டும் தாக்க, சுழற்சியால் ஒவ்வொரு பக்கமும் சற்றுநேரம் சூடேறிச் சற்றுநேரம் ஆறியதால், உட்புறம் நிதானமாக வெந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரும்பாலான மூடிய அடுப்புகள் பரவியபோது இம்முறை வீடுகளை விட்டு மறைந்தது. ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்களோ ஞாயிறன்று இறைச்சியை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்கிச் சென்றன.

இந்திய மசாலா இத்தட்டுக்கு முற்றிலும் அந்நியமானது என்று கருதுவோர் 1747இல் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலை நினைவிற்கொள்ள வேண்டும். யார்க்ஷயர் புட்டிங்கின் செய்முறையும், மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும் சேர்த்து இந்திய முறையில் கறி சமைக்கும் குறிப்பும் அந்த ஒரே நூலில் உள்ளன. 1810இல் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். எனினும் இரு சமையல்களும் ஒரே கூரையின் கீழ் மக்களிடையே நெருங்கியதற்கு, பர்மிங்காம், ஸ்மெத்விக் போன்ற தொழில் நகரங்களில் பஞ்சாபியர் நடத்தும் தேசி பப்களே பெருங்காரணம் எனலாம். 1960களில் இந்தியத் தொழிலாளர்களை உள்ளே விட மறுத்த பப்கள் அவ்வட்டாரத்தில் இருந்தன. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965இல்தான் வந்தது. அத்தகைய ஊர்களில் அம்மக்களே பப்களின் உரிமையாளர்களாகி, பீருடன் தந்தூரி இறைச்சியைப் பரிமாறத் தொடங்கியது சமையல் வரலாறு மட்டுமன்று, தன்மான வரலாறும் ஆகும்.

இனி இறைச்சிக்குள் நிகழ்வதைக் காணலாம். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் மயோசின் என்னும் தசைப் புரதம் உருமாறி இறுகத் தொடங்குகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது தசையிழைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. 70 டிகிரியை ஒட்டிச் செந்நிறம் மறைந்து பழுப்பாகிறது. ஆனால் அதே வெப்பநிலையில் மணிக்கணக்காக வைத்திருந்தால் கொலாஜன் கரைந்து, வழவழப்பான ஜெலட்டினாக மாறி இறைச்சியை மீண்டும் மிருதுவாக்குகிறது. எனவே நார் குறைந்த மாட்டின் இடுப்புப் பகுதியை உள்ளே இளஞ்சிவப்பாக நிறுத்துவதும், நார் மிகுந்த ஆட்டுத் தோளைப் பல மணி நேரம் மிதமான சூட்டில் விடுவதும் இரண்டு வேறு கலைகள். மேற்பரப்பின் பொன்னிறத்துக்கும் மணத்துக்கும் காரணமானது, 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மயார் விளக்கிய வினையாகும். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடி நடத்தும் இவ்வினை 140 டிகிரிக்கு மேல் விரைவுபடுகிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைக் கடக்காது என்பதால், வெளிப்புறம் உலர்ந்த பிறகே சிவக்கும்.

தயிர் மசாலா பூசும்போது சிக்கல் எழுவது இங்கேதான். தயிரின் நீர் முதலில் சிவப்பதைத் தாமதப்படுத்துகிறது. அது வற்றியபின் தயிரின் பால்சர்க்கரையும் புரதமும் மயார் வினைக்குத் துணைபுரிகின்றன. ஆனால் அதற்குள் உயர்ந்த சூட்டில் மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் கருகிவிடக்கூடும். ஊறவைக்கும்போது உப்பு மட்டுமே நாள்போக்கில் ஆழமாக ஊடுருவுகிறது; மசாலாவின் மணப்பொருள்கள் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. பப்பாளிக்காயின் பப்பாயின் என்னும் நொதி புரதத்தை அறுத்து மென்மையாக்கினாலும், அளவு மீறினால் மேற்பரப்பைக் கூழாக்கிவிடும். இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, மிதமான சூட்டில் நெடுநேரம் வேகும் ஆட்டுத் தோளே தயிர் மசாலாவுக்கு ஏற்றது என்பதும், கடுஞ்சூட்டில் சிவக்க வேண்டிய மாட்டிறைச்சிக்கு உப்பும் மிளகுமே போதும் என்பதும் தெளிவாகும். வட இந்தியாவின் ரான் என்னும் ஆட்டுத் தொடைச் சமையல் நீண்ட காலமாக இவ்வழியையே பின்பற்றி வருகிறது.

யார்க்ஷயர் புட்டிங் மாற்றத்தை எளிதில் ஏற்காத உறுப்பு. முட்டை, கோதுமை மாவு, பால் ஆகியவற்றின் நீர்த்த கரைசலைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றியவுடன் நீர் ஆவியாகி விரிய, முட்டைப் புரதமும் மாவின் குளூட்டனும் அவ்வாவியைச் சிறைப்பிடித்துச் சுவராக இறுகுகின்றன. புட்டிங் குறைந்தது 4 அங்குல உயரம் எழ வேண்டும் என்று பிரிட்டனின் வேதியியல் கழகமே 2008இல் அறிவித்தது. கோதுமைக்குப் பதில் குளூட்டன் இல்லாத கடலை மாவைச் சேர்த்தாலோ, வெங்காயம் போன்ற கனமான துண்டுகளைக் கலந்தாலோ எழுச்சி குன்றும். சிறிது சீரகமும் மஞ்சளும் தீங்கு செய்வதில்லை.

உருளைக்கிழங்குக்கு ஒரு குறிப்பு போதும். பாதி வேகவைத்து, குலுக்கி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சூடான கொழுப்பில் புரட்ட வேண்டிய இக்கிழங்கை வேகவைக்கும் நீரில் புளியையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்க்கலாகாது. அமிலம் செல்சுவர்களின் பெக்டின் கரைவதைத் தடுப்பதால் கிழங்கு குழையாது, சொரசொரப்பும் உண்டாகாது.

மசாலாவுக்கு உண்மையான வாசல் கிரேவியே. இறைச்சி வெந்த தட்டின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவையும் வடிந்த கொழுப்பையும் மாவுடன் வறுத்து, எலும்புச் சாறு ஊற்றிக் கெட்டியாக்குவது மரபு. சீரகத்தின் மணம், மஞ்சளின் நிறம், மிளகாயின் காரம் ஆகியவற்றைத் தரும் பொருள்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்கு கரைபவை. ஆகவே மாவு சேர்க்கும் முன்னர் அந்தக் கொழுப்பிலேயே மசாலாவைத் தாளித்துவிட்டால், தாளிப்பின் மணம் தட்டின் எல்லா உறுப்புகளுக்கும் சென்று சேர்கிறது. கருகும் இடர்ப்பாடும் இல்லை, ஏனெனில் சமையற்காரர் அதைக் கண்முன் கவனித்துக்கொண்டிருக்கிறார். விரைவில் ஆவியாகும் மணம் கொண்ட கரம் மசாலாவை மட்டும் இறக்கும் தறுவாயில் தூவ வேண்டும்.

தட்டின் ஓரத்தில் வைக்கும் துவையல்களிலும் இதே நுட்பம் உண்டு. ஆட்டிறைச்சியுடன் உண்ணும் புதினாவும் வினிகரும் கலந்த சாஸின் இடத்தில் பச்சைப் புதினாச் சட்னி இயல்பாகப் பொருந்துகிறது. மாட்டிறைச்சியுடன் வரும் ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரக் கிழங்கோ கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் நசுக்கும்போது நொதி ஒன்று செயல்பட்டு மூக்கில் ஏறும் காரத்தை வெளிப்படுத்துகிறது. சூட்டில் அந்நொதி அழிவதால் எண்ணெயில் வெடித்த கடுகில் அக்காரம் இராது. ஆதலால் ஹார்ஸ்ராடிஷுக்கு மாற்றாகக் கடுகை வைக்க விரும்பும் உணவகம், வங்காளத்தின் காசுந்தி போலப் பச்சைக் கடுகை அரைத்தே வைக்க வேண்டும்.