கணினியில் வனையும் கலயம்

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, தேரிச் செம்மணலும் பனங்காடும் சூழ அமைந்த ஊர் உடன்குடி. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1986ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. கருப்பட்டியால் புகழ் பெற்றது.

இவ்வூர் மாணவர் தாம் கணினியில் அமைத்த உருமாதிரிகளைக் கண்காட்சியாக வைக்க எண்ணின், எப்பொருளை அமைப்பது என்பதே முதல் வினா. விண்கலமும் அரக்கர் உருவமும் அமைக்க மனம் தாவும். அவற்றில் சரி எது, பிழை எது என்று கூற வல்லார் ஊரில் அரியர். பனையேறி மரத்தில் கட்டும் கலயமோ அத்தகையதன்று. காண வருவோருள் பலர் அதனைக் கையாண்டவர். ஒரு விரற்கடை பிழைத்தாலும் கண்டுகொள்வர். ஆதலின், கலயத்தைத் தேர்வதே துணிவான செயல்.

படத்திற்கு நீளமும் அகலமும் உண்டு. உருமாதிரிக்கு ஆழமும் உண்டு. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உள. அப்புள்ளிகளை இணைக்கும் சிறு பரப்புகள் கூடியே உருவம் ஆகிறது. கலயம் அமைக்கும் முறை குயவர் தொழிலை ஒத்தது. நடுவே ஓர் அச்சினைக் கொண்டு, ஒரு பக்கத்து வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, அதனை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முழுக்கலயமும் தோன்றும். சிரட்டையில் வார்த்த கருப்பட்டியையும் இவ்வாறே அமைக்கலாம். பனைமரம் இம்முறைக்கு அடங்காது. ஓர் ஓலையை விசிறி மடிப்புகளுடன் அமைத்துப் பல படிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு சாய்வில் நிறுத்துதல் வேண்டும். எல்லாம் ஒரே சாய்வில் நின்றால் மரம் பொம்மையாகிவிடும்!

வெளிக்கோட்டிற்கு அளவு வேண்டும். அடி, வயிறு, தோள், கழுத்து ஆகிய இடங்களில் நூலால் சுற்றளவு எடுத்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். வயிற்றின் சுற்றளவு 66 செ.மீ. எனின் விட்டம் ஏறத்தாழ 21 செ.மீ. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவர். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் அது தடுக்கும். உண்மைக் கலயத்தில் இதனை நன்கு காட்ட அதனை உடைக்க வேண்டும். திரையிலோ, உடைக்காமலே பிளந்து காட்டலாம்.

அளந்தது எது, ஊகித்தது எது என்பதை ஒவ்வோர் உருமாதிரியின் அருகிலும் ஓர் அட்டையில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டையோடுகள் இரண்டினை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஊடுகதிர்ப் படம் எடுத்தனர். இங்கிலாந்திலுள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அவற்றின்மேல் தசையும் தோலும் கணினியில் சேர்த்து முகங்களை அமைத்தனர். அவை 2025ஆம் ஆண்டு வெளியாயின. முகத்தின் அமைப்பை எலும்பு உணர்த்தும். தலைமயிரின் ஒழுங்கை உணர்த்தாது. இவ்வேறுபாட்டை அறிந்தவனே அவ்வுருவத்தைச் சரியாகக் காண்பான்.

இனி, காலம். பதநீர் இறங்கும் கோடையிலேயே பனங்காட்டிற்குச் சென்று அளவெடுத்தல் வேண்டும். பருவம் கழிந்தால் கலயங்கள் மரத்தினின்று இறங்கிவிடும். பனையேறுவோரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். உருமாதிரி அமைக்க உதவும் பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளாக உள்ளது. ஆகவே, பொருட்செலவு பெரிதன்று. முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்த்தெடுக்கவே நேரம் மிகும். ஓர் அடுக்கின் தடிப்பு 0.2 மி.மீ. எனின், 10 செ.மீ. உயரமுள்ள கலயத்திற்கு 500 அடுக்குகள் வேண்டும். கண்காட்சிக்கு முதல்நாள் இரவில் தொடங்கினால் முடியாது.

திரைகளைச் சாளரத்தின் வெயில் படாதவாறு திருப்பி வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் உண்மைப் பொருளை வைக்க வேண்டும். ஒரு கணினியைத் திருத்தத்திற்கென்றே ஒதுக்குதல் நலம். கழுத்து இன்னும் குறுகியிருக்க வேண்டும் என்று பனையேறி ஒருவர் சொன்னால், வெளிக்கோட்டை உள்ளே தள்ளி, அவர் பார்த்திருக்கும்போதே கலயத்தை மீண்டும் சுழற்றிக் காட்டலாம்.