முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம்

2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயிக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 75. மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில், நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத் செய்தார். அடுத்த ஆண்டு ஜூனில் வலது முழங்கால். அது முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்காது, ஜூலை நடுவில் ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷரஃபோடு பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டார். முட்டி ஆபரேஷன் என்றாலே முகம் சுளித்த டெல்லி வீடுகளில் அந்தச் செய்தி தைரியம் கொடுத்தது. "பிரதமரே பண்ணிக்கிட்டாரு, உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்க முடிந்தது.

ஆனால் ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் அந்தக் காலுக்கு என்னென்ன செய்தார்கள் என்பது செய்தியில் வரவில்லை. மூட்டு மாற்றிக்கொண்டவர் நன்றாக நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது. ஆபரேஷனுக்கு ஊரிலேயே நல்ல டாக்டரைத் தேடி அலைகிற குடும்பம், பிறகு வரும் ஆறு வாரத்துக்கு எந்தத் திட்டமும் போடுவதில்லை. இதை எழுதக் காரணம் அதுதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? அம்மாவைக் கட்டிலில் படுக்கவைப்பார்கள். வலிக்கிறது என்றதும் மகளோ மருமகளோ பாசத்தோடு முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைப்பார்கள். உடனே வலி குறையும். குறைவதற்குக் காரணம் உண்டு. கால் முப்பது டிகிரி அளவுக்கு மடங்கியிருக்கும்போதுதான் மூட்டைச் சுற்றிய உறைக்குள் இடம் அதிகம். உள்ளே தேங்கிய நீரின் அழுத்தம் அங்கே குறைவு. அதனால் வீங்கிய முட்டி தானாகவே அந்த நிலையைத் தேடிப்போகும். ஆபத்தும் அங்கேதான். காயம் ஆறும்போது உள்ளே புதிய தழும்புத் திசு உருவாகிறது. முட்டி எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த அளவுக்கு அது சுருங்கி இறுகும். முதல் வாரங்களில் இழுத்தால் இளகிக்கொடுக்கும். மூன்று மாதம் போனால் கொடுக்காது.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "கால் எவ்வளவு மடங்குது?" என்பது. நான் முதலில் கேட்கச் சொல்வது, "முழுசா நீளுதா?" என்று. பத்துப் பதினைந்து டிகிரி நீளாமல் நின்றுவிட்ட முட்டியோடு நடப்பவருக்கு, நிற்கும்போதுகூடத் தொடையின் முன்தசை ஓயாமல் வேலை செய்ய வேண்டும். சீக்கிரம் களைத்துவிடுவார். ஒரு கால் குட்டையானதுபோல் சாய்ந்து நடப்பார், கொஞ்ச நாளில் இடுப்பும் வலிக்கும். ஆகவே தலையணையை முட்டிக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தன் கனத்திலேயே கீழே இறங்கும்படி சில நிமிடங்கள் விடுங்கள். வலிக்கும், ஆனால் பலன் தரும் வலி அது.

மடங்குவதற்கும் கணக்கு உண்டு. சமதளத்தில் நடக்க சுமார் 65 முதல் 70 டிகிரி போதும். படி ஏறி இறங்க 90 வேண்டும். சாதாரண நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ நூறை ஒட்டி. இந்திய பாணிக் கழிவறையில் குந்த 130-க்கும் மேல். பெரும்பாலான செயற்கை முட்டிகள் அந்தக் கடைசி எல்லையை வசதியாக எட்டுவதில்லை. எட்டினாலும் டாக்டர்கள் விரும்புவதில்லை. எனவே வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் ஆபரேஷன் தேதிக்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சப்பணமிட்டு உட்காருவது வேறு விஷயம். அதில் முட்டி மடங்குவதோடு முறுக்கவும் படுகிறது. கொலு வைக்கும்போதோ பந்தியிலோ ஆசையாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தரையில் உட்கார வேண்டாம்.

தசையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை, தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வைக்கிறது. ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும். "காலைத் தூக்குங்க" என்றால் அம்மாவால் தூக்க முடியாது. சோம்பல் என்று நினைத்து அதட்டக் கூடாது. கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். படுத்தபடி முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பதுதான் அந்தத் தசையை எழுப்பும் முதல் பயிற்சி. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஒரு நாளைக்குப் பலமுறை செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தை மேலே தள்ளும்; ரத்தம் உறைந்து கட்டியாகாமல் காக்கும்.

காலை அதுவாகவே மடக்கி நீட்டும் மெஷின் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். டொராண்டோவில் ராபர்ட் சால்டர் என்ற அறுவை மருத்துவர் 1970-களில் வளர்த்தெடுத்த யோசனை அது. குருத்தெலும்பு ஆறுவதற்காக அவர் நினைத்தது, பிறகு முட்டி மாற்றியவர்களுக்கும் பரவியது. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீண்ட காலத்தில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. மெஷின் அசைக்கும்போது தசை சும்மா கிடக்கிறது. வாடகைப் பணத்தில் ஒரு நல்ல பிசியோவை நாலைந்து தடவை கூடுதலாக வரவழைக்கலாம்.

பணம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச வரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு, அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. பெரிய நிம்மதி. ஆனால் பிறகு வரும் பிசியோதெரபிக்கு அப்படி யாரும் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. தனியார் மருத்துவமனை 'பேக்கேஜ்' சொல்லும்போது, வீட்டுக்கு வந்தபின் எத்தனை அமர்வு அதில் சேர்ந்திருக்கிறது என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். கையில் காசு குறைவு என்றால் டெல்லியில் அரசு வழிகள் இருக்கின்றன. எய்ம்ஸிலும் சப்தர்ஜங்கிலும் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறைகள் உண்டு. ஐடிஓ பக்கம், விஷ்ணு திகம்பர் மார்க்கில், தீனதயாள் உபாத்யாயா பெயரில் உள்ள மத்திய அரசு நிறுவனம் இந்த வேலைக்கென்றே இருப்பது; பிசியோதெரபிஸ்டுகளைப் படிக்கவைத்து உருவாக்கும் இடமும் அதுதான்.

வசந்த் குஞ்சில் உள்ள முதுகுத்தண்டு காய மையத்தின் கதையையும் சொல்லாமல் போக மனமில்லை. அதை நிறுவிய மேஜர் அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்டில் ஏறியவர். அதே ஆண்டு பாகிஸ்தானோடு நடந்த போரில் குண்டு பட்டு, நடக்க முடியாதவரானார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது, காயம் ஆறிய பிறகும் பயிற்சி தொடர வேண்டும், அதற்கென்று ஒரு இடம் வேண்டும் என்று கண்டார். டெல்லியில் அப்படி ஒன்றைக் கட்டியெழுப்பினார்.

தமிழ்நாட்டிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து மகன் வீட்டில் வைத்து ஆபரேஷன் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிசியோ இந்தி பேசுவார், அம்மாவுக்குத் தெரியாது. மகன் ஆபீஸ் போயிருப்பான். நாலு சொல் போதும், முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். 'சீதா கரோ' என்றால் நீட்டு. 'மோடோ' என்றால் மடக்கு. 'தபாவோ' என்றால் கட்டிலில் அழுத்து. 'உட்டாவோ' என்றால் தூக்கு. அம்மா சொல்ல வேண்டியவை இரண்டு: வலித்தால் 'தர்த்', போதும் என்றால் 'பஸ்'. பெண் பிசியோதான் வேண்டும் என்று அம்மா நினைத்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிடலாம். கூச்சத்தில் பயிற்சியைத் தவிர்க்கிற அம்மாக்கள் நிறைய.

மின்தூக்கி இல்லாத டிடிஏ வீட்டின் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் பயந்து, இரண்டு மாதம் கீழே இறங்காமலே இருப்பார்கள். தேவையில்லை. மருத்துவமனையை விட்டு வரும்முன்பே படி ஏறக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னே. கைப்பிடியை விடக்கூடாது. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படிகளுக்கு அவசரம் இல்லை. முதலில் வீட்டுப் படி.

குளிர்காலத்தில் ஆபரேஷன் என்றால், ஐஸ் வைக்கச் சொன்னதும் வீடே எதிர்க்கும். ஜனவரியில் டெல்லிக் குளிரில் ஐஸா? வைக்கத்தான் வேண்டும். துண்டில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம், பயிற்சி முடிந்ததும். உடம்பின் மற்ற பாகத்துக்கு ரஜாய் போர்த்திக்கொள்ளலாம். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். கெண்டைக்காலில் ரத்தக் கட்டி இருந்தால், தேய்க்கும்போது அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். நவம்பர் புகைமூட்டத்தில் காலை நடைக்குப் பார்க்குக்குப் போவதைவிட வீட்டு வராந்தாவிலேயே வாக்கரோடு நடப்பது மேல்.

வலி மாத்திரையை மிச்சம் பிடிக்காதீர்கள். டாக்டர் எழுதிய நேரத்தில், பயிற்சிக்கு அரை மணி முக்கால் மணி முன்னால் வருகிற மாதிரி கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியால் வந்த வலி கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாள் காலையிலும் வலி தங்கி, வீக்கமும் கூடியிருந்தால், அன்று அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

சில விஷயங்கள் பயமுறுத்தும், ஆனால் சாதாரணமானவை. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருக்கும். அங்கே போகும் சிறு நரம்புக் கிளை வெட்டுப்படுவதால் அப்படி. நடக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கலாம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஓசை. முட்டி மாதக் கணக்கில் கொஞ்சம் சூடாக இருக்கும். முதல் வாரங்களில் ராத்திரித் தூக்கம் கெடும்.

சாதாரணம் அல்லாதவை வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிவது, காய்ச்சல், நன்றாக மடங்கிய கால் திடீரென மடங்க மறுப்பது. இவற்றுக்கு பிசியோ வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல் என்றால் அந்த நிமிடமே. 'ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாம்' என்று முதல் மாதத்திலேயே ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து சென்னைக்குப் போவதும் ரத்தக் கட்டிக்கு இடம் கொடுக்கும். போயே ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பெரியவர்களுக்கு விதி இன்னும் கடுமை. குளியலறையில் விழுந்தவரை மறுநாளே எழுப்பி நிற்கவைப்பதைப் பார்த்து உறவினர்கள் கோபப்படுவார்கள். படுக்கையில் கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக் கட்டி மூன்றும் வரிசையில் நிற்கும் வயது அது. நடக்கவைப்பதுதான் அன்பு. இடுப்பு மூட்டையே மாற்றியிருந்தால், தாழ்ந்த சோபா, காலைக் குறுக்கே போடுவது, குனிந்து செருப்பு மாட்டுவது ஆகியவற்றைச் சில வாரம் விலக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும், அவரவர் டாக்டர் சொன்னதே கணக்கு. விளையாடும்போது தசைநார் கிழிந்து புதிதாக வைத்துக்கொண்ட இளைஞர்களுக்குச் சிக்கல் நேர்மாறு. மூன்று மாதத்தில் வலியே இருக்காது, ஓடத் தோன்றும். உள்ளே ஒட்டிய நார் அப்போதும் முழுப் பலம் பெற்றிருக்காது. மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும்.

அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்றத் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களை வீணாக்க வேண்டியதில்லை. கட்டிலில் முட்டியை அழுத்தும் அதே பயிற்சி, நேரான காலைத் தூக்கும் பயிற்சி, கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து உட்காருவது, வாக்கரைப் பிடித்து நடந்து பழகுவது ஆகியவற்றை வலி பொறுக்கும் அளவுக்கு இன்றே தொடங்கலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும், புகையை விடவும், குளியலறையில் கைப்பிடி மாட்டவும் அந்த இடைவெளி போதும். அம்மாவுக்குத் தேதி கேட்கப் போகும் நாளிலேயே பிசியோ துறையிலும் ஒரு சீட்டு எடுத்துவிடுங்கள்.