விளையும் மரமும் – 17
இலைக்கு வயசாகட்டும்

இந்த வாரம் சக்கை மரத்தின் முறை. ஆனால், மா குறுக்கே வந்துவிட்டது.

பக்கத்து விளை அண்ணாச்சிதான் தொடங்கி வைத்தார். நீலம் பறித்து, கடைசிக் கூடையும் வடசேரி சந்தைக்குப் போயாயிற்று. மறுநாள் நான் மாமரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்றார். "காச்சு ஓஞ்ச மரத்துக்கு இப்பம் எதுக்குடே உரம்? பூக்கும்போ போட்டாப் போரும்லா" என்றார்.

அண்ணாச்சியைப் போல நினைப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கான பதில் இலையின் வயதில் இருக்கிறது. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது அதுதான்.

வட இந்தியாவில் மாமரத்தைப் பூக்க வைப்பது குளிர். நாகர்கோவிலிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர் வராத ஊரில் மரம் வேறு கணக்கில் பூக்கிறது. கிளை நுனியில் கடைசியாக விட்ட தளிர் முற்றி, நாலைந்து மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். அதன்பிறகு விழிக்கிற மொட்டுதான் பூங்கொத்தாகும். அந்த வயதுக்கு முன்னால் விழித்தால் மறுபடியும் இலைதான் வரும். ஒரே மரத்தில் தெற்குக் கிளை பூத்து நிற்க, வடக்குக் கிளை செந்தளிர் விடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கிளைகளிலும் இலைகளின் வயது வேறு. நம் மாவட்டத்தில் நீலமும் பெங்களூராவும் பருவம் தப்பிக் காய்ப்பதற்கும் இந்த வெதுவெதுப்பே வழி செய்கிறது. மற்ற ஊர்ச் சந்தையில் மாங்காய் இல்லாத நாளில் இங்கே மரத்தில் காய் தொங்கும்.

இதே ரகசியத்தைத் தொட்ட ஒருவர் பிலிப்பைன்ஸில் இருந்தார். அந்த ஊர் விவசாயிகள் மாமரத்தடியில் சருகைக் குவித்து, நாள்கணக்கில் புகை போடுவார்கள். புகை பட்ட மரம் பூக்கும். ராமோன் பார்பா என்ற தோட்டக்கலை அறிஞர் புகைக்குப் பதிலாகப் பொட்டாசியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பார்த்தார். பூத்தது. 1970களில் அந்த நாட்டு மா விவசாயத்தையே அது மாற்றிவிட்டது. காப்புரிமை வாங்கி வைத்திருந்தும் விவசாயிகளிடம் அவர் காசு கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிதரின் பெயரை நம் விளைகளிலும் சொல்ல வேண்டும். பிப்ரவரியிலும் பூக்காத மரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆனால், அந்தத் தெளிப்பும் முற்றிய இலையுள்ள கிளையில்தான் பலிக்கும். இளந்தளிரில் அடித்தால் உப்பும் உழைப்பும் வீண்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். காய்த்து ஓய்ந்த மரம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டு வெறுமையாக நிற்கிறது. அதற்கு ஆனி கடைசியில் ஊட்டினால் ஆடியில் தளிர்க்கும். அந்தத் தளிருக்கு மார்கழியில் ஐந்து மாத வயது. ஐப்பசிவரை பட்டினி போட்டு, பிறகு உரம் வைத்தால் தளிர் கார்த்திகையில் வரும். தை பிறக்கும்போது அது இரண்டு மாதக் குழந்தை. பூக்கச் சொன்னால் எப்படிப் பூக்கும்? பூக்கிற நேரத்தில் யூரியா வைப்பது இன்னும் மோசம், பூவுக்குப் போட்டியாக இலையைக் கிளப்பிவிடும்.

ஆறு வயது தாண்டிய மாவுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, தழைச்சத்தும் மணிச்சத்தும் தலா ஒரு கிலோ, சாம்பல் சத்து ஒன்றரைக் கிலோ. கடைச்சரக்காகச் சொன்னால் யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. செப்டம்பர், அக்டோபரில் இடச் சொல்கிறார்கள். அது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களுக்குப் பொருத்தம். நமக்கு ஆனியிலேயே சாரல் இறங்கிவிடுகிறது. அதனால் தொழுவுரத்தையும் தழைச்சத்தில் பாதியையும் பறிப்பு முடிந்த கையோடு, மழை வெறித்த நாளாகப் பார்த்து இட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. பலத்த மழையில் இட்டால் நம் செம்மண் சரிவில் எல்லாம் ஓடைக்குப் போய்விடும்.

இடும் இடமும் முக்கியம். மூட்டோடு சேர்த்துக் கொட்டாதீர்கள். அங்கே இருப்பது மரத்தைத் தாங்கும் தடித்த வேர். உண்ணுகிற சல்லிவேர் தள்ளித்தான் இருக்கும். மூட்டிலிருந்து ஒன்றரை முதல் மூன்றடி விட்டு, கிளை நுனியின் நிழல் விழும் வட்டம்வரை தூவி, லேசாகக் கொத்தி மூடுங்கள். உரத்துக்கு முன்னால் காய்ந்த கொம்பையும் உள்ளே நெருக்கும் கிளையையும் கழித்துவிட்டால், புதுத் தளிருக்கு வெயில் கிடைக்கும்.

மரம் கொடுத்து முடித்த அன்றே அடுத்த வருஷத்து விளைச்சல் தொடங்கிவிடுகிறது. அண்ணாச்சியிடமும் இதையே சொன்னேன். மாலையில் அவர் விளையிலும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

சக்கை அடுத்த வாரம். முளகுமூட்டு நாட்டுச் சக்கையிலிருந்து தேர்ந்தெடுத்த பேச்சிப்பாறை 1 ரகம் வருஷத்தில் இரண்டு பருவம் காய்க்கும். அப்படிப்பட்ட மரத்துக்கு எந்தப் பறிப்புக்குப் பிறகு ஊட்டுவது? விடையோடு வருகிறேன்.

(தொடரும்)