8 ஜூரிகளை வென்ற வாதம், ஒரு துண்டிடம் தோற்றது!
பம்பாயை உலுக்கிய நானாவதி கொலை வழக்கு

சாட்சி விசாரணை முடிந்துவிட்டது. இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான். இரண்டு தரப்பு வக்கீல்களும் ஜூரிகளைப் பார்த்துக் கடைசியாகப் பேச வேண்டும்.

ஜூரிகள் யார்? சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆபீசுக்குப் போகிறவர், கடை வைத்திருப்பவர் என்று சாதாரண ஊர்க்காரர்கள். சம்மன் வந்தது, வந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பேப்பரை பஸ்சில் படித்துக்கொண்டு போகிற உங்களைப் போன்றவர்கள்தான்.

அவர்கள் மனதை அசைத்துவிட்டால் ஒரு உயிர் தப்பும். அசைக்க முடியாவிட்டால் தூக்குக் கயிறுகூட வரலாம்.

ஒரு காலத்தில் நம்ம ஊர் ஐகோர்ட்டிலும் இந்த ஜூரி முறை இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ம் ஆண்டு எம்.கே.தியாகராஜ பாகவதரும், என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று சொன்னதும் ஜூரிகள்தான். இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். 1947-ல் விடுதலை ஆனார்கள்.

ஆனால் ஜூரிகளிடம் பேசுகிற பேச்சுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு பலவீனம் என்று இந்தியா முழுவதும் பார்த்தது பம்பாயில்தான்.

மூன்று குண்டுகள்

1959-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி. கமாண்டர் கே.எம்.நானாவதி "மைசூர்" என்ற போர்க்கப்பலில் உயர் அதிகாரி. அடிக்கடி கடலுக்குப் போய்விடுவார். வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள்.

அன்று மனைவி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். பிரேம் அகுஜா என்ற கார் வியாபாரியுடன் தனக்குத் தொடர்பு இருக்கிறது என்றார்.

நானாவதி சத்தம் போடவில்லை. மனைவியையும் குழந்தைகளையும் "மெட்ரோ" தியேட்டரில் சினிமாவுக்கு இறக்கிவிட்டார். நேரே கப்பலுக்குப் போனார். வேறு காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும் வாங்கினார். அதை ஒரு பழுப்பு நிற கவரில் போட்டுக்கொண்டார்.

அகுஜாவின் ஆபீசுக்குப் போனார். ஆள் இல்லை. வீட்டுக்கே போனார். படுக்கை அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

அகுஜா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் வெறும் துண்டு.

சற்று நேரத்தில் டுமீல் சத்தம். 3 குண்டுகள். அகுஜா செத்து விழுந்தார். நானாவதி காரை ஓட்டிக்கொண்டு போய் போலீசில் சரண் அடைந்தார்.

"கை கலப்பில் வெடித்தது"

வழக்கு செசன்சு கோர்ட்டுக்கு வந்தது. 9 ஜூரிகள். வெளியே ஒரே கூட்டம். "பிளிட்ஸ்" வாரப் பத்திரிகை நானாவதிக்காகக் கொடி பிடித்தது. கோர்ட்டுக்கு அவர் கடற்படை யூனிபாரத்தில் கம்பீரமாக வந்தார்.

அவருக்காக கார்ல் கண்டலவாலா தலைமையில் வக்கீல்கள் வாதாடினார்கள். அவர்கள் சொன்ன கதை இதுதான்.

"இவளைக் கட்டிக்கொள்கிறாயா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாயா?" என்று நானாவதி கேட்டார். "தொடர்பு வைத்த ஒவ்வொருத்தியையும் கட்டிக்கணுமா?" என்ற மாதிரி அகுஜா பதில் சொன்னார். அலமாரி மேல் வைத்திருந்த கவரை எடுக்க அகுஜா பாய்ந்தார். இருவரும் கட்டிப்புரண்டு இழுபறி செய்தபோது துப்பாக்கி வெடித்துவிட்டது. அதாவது கொலை அல்ல, விபத்து!

நானாவதியின் மனைவியே கூண்டில் ஏறி புருஷனுக்காக சாட்சி சொன்னார்.

வாதத்தின் பலம் எங்கே இருக்கிறது பாருங்கள். ஜூரிகளிடம் சட்டப் பிரிவு நம்பரைச் சொன்னால் எடுபடாது. "நாட்டுக்காகக் கடலில் இருந்தவன். இவன் குடும்பத்தில் இன்னொருவன் புகுந்தான். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்?" வாய் விட்டுச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், யூனிபாரத்தைப் பார்க்கும் ஜூரி மனதில் ஓடும் கேள்வி அதுதான்.

அவிழாத துண்டு

அரசு தரப்பு கையில் இருந்தது உணர்ச்சி அல்ல. ஒரு துண்டு!

இருவர் கட்டிப்புரண்டால் இடுப்புத் துண்டு நிற்குமா? குளித்துவிட்டுத் துண்டோடு நின்று பார்த்தவர்கள் யாருக்கும் இது தெரியும். ஆனால் அகுஜாவின் பிணத்தில் துண்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

அடுத்த கேள்வி: விபத்து என்றால் ஏன் உடனே சொல்லவில்லை? சத்தம் கேட்டு வந்த அகுஜாவின் சகோதரியிடம் சொல்லவில்லை. கீழே காவலாளியிடம், "என் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தான், கொன்றுவிட்டேன்" என்ற அர்த்தத்தில்தான் பேசியிருக்கிறார்.

இரண்டு தரப்பும் பேசி முடித்தார்கள். நீதிபதி ஆர்.பி.மேத்தா வழக்கைத் தொகுத்துச் சொன்னார். ஜூரிகள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள்.

8 பேர் "குற்றவாளி இல்லை". ஒரே ஒருவர் மட்டும் "குற்றவாளி".

யூனிபாரம் ஜெயித்தது. துண்டு தோற்றது!

திரும்பி வந்த துண்டு

ஆனால் நீதிபதி மேத்தா ஒத்துக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த யாரும் இந்த சாட்சியத்தை வைத்து இப்படி முடிவுக்கு வரமாட்டார்கள் என்று கருதி, வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

ஐகோர்ட்டு நீதிபதி மேத்தாவையும் விடவில்லை. விபத்து என்று சொன்னால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதை ஜூரிகளுக்குச் சரியாக விளக்கவில்லை என்று குறை கண்டது. சாட்சியங்களை முழுக்கப் பார்த்து, 1960-ம் ஆண்டு மார்ச்சு 11-ந்தேதி நானாவதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனது. "ஆத்திரத்தில் நிதானம் இழந்து செய்தார் என்றாவது பாருங்கள்" என்றும் வாதாடினார்கள். நீதிபதிகள் கடிகாரத்தைக் காட்டினார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியது பகல் 1.30 மணி. சுட்டது 4.20 மணி. ஆத்திரம் அடங்க இந்த நேரம் போதாதா என்று கேட்டார்கள். துண்டையும் மறக்கவில்லை. 1961-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி தண்டனை உறுதியானது.

பிறகு 1964-ல் கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பு வழங்க, நானாவதி வெளியே வந்தார். குடும்பத்தோடு கனடா போய்விட்டார்.

காரணம் சொல்லாத தீர்ப்பு

இந்த ஒரே வழக்கால்தான் ஜூரி முறை ஒழிந்தது என்று டீக்கடையில் பேசுவார்கள். அது சரியில்லை. சம்பவத்துக்கு முந்தின வருஷமே, 1958-ல், ஜூரி முறை வேண்டாம் என்று சட்டக் கமிஷன் சொல்லிவிட்டது. நானாவதி வழக்குக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரிகள் உட்கார்ந்தார்கள். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் மூட்டை கட்டியது.

ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. "குற்றவாளி இல்லை" என்றால் அதோடு சரி. அந்த 8 பேரும் துண்டை நம்பவில்லையா, அல்லது நம்பியும் மனசு இளகிவிட்டார்களா? தீர்ப்பில் அதற்குப் பதில் இல்லை. நீதிபதி அப்படி எழுந்து போக முடியாது. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத உட்கார்ந்தால் துண்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நானாவதி கூண்டில் நின்று தன் கதையைச் சொன்னார். மனைவி சொன்னார். பத்திரிகை சொன்னது. அகுஜா நல்லவரோ கெட்டவரோ, அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல அவரால் வர முடியவில்லை. அவர் பக்கம் பேச மிஞ்சியது இடுப்பில் இருந்த அந்தத் துண்டு மட்டும்தான்!