கெர்னல் அப்டேட் அவசியமா?

உபுண்டு போன்ற லினக்ஸ் பதிந்த கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகு எதற்கு கெர்னல் அப்டேட்?" நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். அப்டேட் செய்தி வந்தால் உடனே மூடிவிடுவேன்.

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. எந்த புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி தரலாம், எந்த பைலை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் அதுதான் கவனிக்கிறது. அதில் ஓட்டை இருந்தால் மற்ற பூட்டுகளால் பெரிய பயன் இல்லை.

ஓர் உதாரணம். 'டர்ட்டி கௌ' என்ற பிழை 2016 அக்டோபரில் வெளியே தெரிந்தது. சாதாரண யூசராக நுழைந்தவர் இதன் மூலம் முழு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தையே பெற முடிந்தது. இது 2007-ல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்தே லினக்ஸ் கெர்னலில் இருந்தது. அந்த ஒன்பது வருடமும் கம்ப்யூட்டர்கள் நன்றாகத்தான் ஓடின! இதைச் சரிசெய்ய ஒரே வழி, கெர்னலை அப்டேட் செய்வதுதான்.

"அப்டேட் செய்து ஏதாவது கெட்டுப்போனால்?" என்ற பயமும் நியாயமானதே. ஒருமுறை கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு என் லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமோ என்று பதறினேன். தேவைப்படவில்லை. பழைய கெர்னல் அழியாமல் அப்படியே இருந்தது. அதைத் தேர்வு செய்து பூட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. அடுத்து வந்த அப்டேட்டில் அந்தக் கோளாறும் சரியானது.

எனவே, நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. முக்கியமான பைல்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள்.

2. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். பாதியில் ஆஃப் செய்யாதீர்கள்.

3. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

4. சிக்கல் வந்தால், உபுண்டுவில் பூட் ஆகும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யு.இ.எஃப்.ஐ. உள்ள கம்ப்யூட்டரில் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்வு செய்யுங்கள்.

அவசர வேலை இருந்தால் ஓரிரு நாள் தள்ளிப் போடலாம், தவறில்லை. மாதக் கணக்கில் தள்ளாதீர்கள். புதிய கெர்னல் ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கும்வரை பழையதை நீக்காதீர்கள்.