வாப்பாவின் ஜுப்பா

ஆடையில் பட்டுக்கரை இருப்பது ஆகுமா என்னும் ஐயம் எழுந்தபோது, அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி) அம்மையார் வாதம் ஏதும் புரியவில்லை. பாரசீகப் பாணியில் அமைந்த ஜுப்பா ஒன்றை வெளியே எடுத்து வைத்தார்கள். அதன் கழுத்திலும் திறப்புகளின் ஓரங்களிலும் பட்டு வைத்துத் தைத்திருந்தது. அது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அணிந்த ஆடை. தம் தங்கை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அவர்கள் மறையும்வரை இருந்து, பின்னர் தம்மிடம் வந்ததாகவும், நோயுற்றோருக்காக அதனைக் கழுவி நலம் நாடுவதாகவும் கூறினார்கள். அன்னையவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 58-இல். ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி இது.

நபிமார்கள் விட்டுச் செல்வதற்கு வாரிசுரிமை இல்லை. எனவே அம்மையார் அதனைச் சொத்தாகக் கொள்ளாது அமானிதமாகவே காத்தார்கள் என்பது எளியேனின் துணிபு. நம் போன்றோர் விட்டுச் செல்லும் ஆடையின் நிலை வேறு.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜுப்பா உண்டு. பம்பாயிலிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற பாட்டனார் மக்காவில் வாங்கியது. அவருக்குப் பின் வாப்பா இரு பெருநாட்களிலும் அதனை அணிந்தார்கள். வெண்மை பழுப்பாகிவிட்டது; மடிப்பை விரித்தால் இன்றும் அத்தர் மணக்கும். 2009-இல் வாப்பா வஃபாத்தானதும் அதனை நான் எடுத்துக்கொண்டேன். ஓதிய பிள்ளை, மிம்பரில் ஏறுகிறவன், எனக்கல்லாமல் யாருக்கு என்று எண்ணினேன். எவரும் மறுக்கவில்லை. மறுக்காததையே சம்மதம் என்று கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மதரஸாவில் பாகப்பிரிவினைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சிறிதாயினும் பெரிதாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்னும் அன்னிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். இளம் மாணவர் ஒருவர், “ஹஜ்ரத், மய்யித்தின் உடுப்பும் இதில் சேருமா?” என்றார். “சேரும்” என்றேன். அடுத்த சொல் எழவில்லை. அன்று நான் அணிந்திருந்தது அந்த ஜுப்பாதான்.

மனைவிக்கு எட்டில் ஒன்று; எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இருபதாண்டுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிய கணக்கு! உம்மாவும் மறைந்துவிட்டதால் அவர்களின் பங்கும் ராத்தாவுக்கும் எனக்குமே வந்தது. நிலத்தையும் வீட்டையும் முறைப்படி பிரித்துவிட்டோம். ஜுப்பாவை மட்டும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அன்று மாலையே ராத்தாவின் வீட்டுக்குச் சென்று ஜுப்பாவை மடியில் வைத்தேன். “உங்கள் பங்கைக் கேளாமல் உடுத்திவிட்டேன், ஹலால் செய்யுங்கள்” என்றேன். அவர்கள் எதுவும் சொல்லாமல் இடது கையை உட்புறமாகத் திருப்பி, முழங்கையருகே ஒரு தையலைத் தடவிக் காட்டினார்கள். “வாப்பா படுக்கையில் இருந்தப்போ நான் போட்ட தையல், தம்பி. அந்தப் பெருநாளைக்கு எப்படியாச்சும் உடுத்தணும்னு கேட்டாங்க.” அத்தனை ஆண்டுகள் உடுத்தியும் அத்தையலை நான் கண்டதில்லை.

“உடுத்தினதை ஹலாலாக்கிட்டேன். ஆனா, இது இங்கேயே இருக்கட்டும்” என்றார்கள். என் பங்கை அவர்களுக்கே அன்பளிப்பாக விட்டுக்கொடுத்தேன், பெற்றுக்கொண்டார்கள்.

சென்ற நோன்புப் பெருநாளன்று தொழுகை முடிந்து அங்கே போனேன். முற்றத்துக் கொடியில், நிழல் பார்த்து, ஜுப்பாவைக் காற்றாட விரித்திருந்தார்கள்.